கீழே வெயில், மேலே அட்டை: எல்லை மலையில் நடக்க என்ன போட்டுக்கொள்வது?

மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ சொந்தக்காரர்கள் யாராவது கம்பத்தில் வந்து இறங்கி, "நாளைக்கு மலைப்பக்கம் ஒரு நடை போய்ட்டு வருவோமா" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் நான் அவர்கள் காலைத்தான் பார்ப்பேன். பாதிப் பேர் வெள்ளை கேன்வாஸ் ஷூவில் இருப்பார்கள். மீதிப் பேர் நேற்று வாங்கிய கனத்த பூட்ஸில் இருப்பார்கள், விலைச்சீட்டு தொங்கிய நூல்கூட அறுக்காமல். இரண்டுமே சரிப்படாது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப் போனதால் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

முதலில் எங்கள் பக்கத்து நிலம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கு, தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையாக நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கம் இருக்கிறது. ஜூன், ஜூலையில் மேலே குமுளியில் விடாமல் பெய்துகொண்டிருக்கும், கீழே எங்களுக்குக் காற்றும் எப்போதாவது ஒரு தூறலும்தான். இந்தப்பக்கம் சரிவில் சரளை, முள், வெயில். உச்சியைத் தாண்டி அந்தப்பக்கம் ஒரு கிலோமீட்டர் போனால் ஏலத்தோட்டம், சகதி, பாசி படிந்த பாறை, ரத்தம் குடிக்கும் அட்டை. லோயர் கேம்ப் வழியாகக் குமுளி, கம்பம் மேடு, போடிமெட்டு என்று எந்தச் சாலையில் ஏறினாலும் இதே கதைதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும், அதோடு காற்றும் சேர்ந்தால் குளிர் இன்னும் அதிகமாகத் தெரியும். ஆக, ஒரே நாளில் இரண்டு வானிலைக்கும் சேர்த்துத்தான் நீங்கள் உடுத்த வேண்டும். கடையில் விற்கிற மலையேற்றச் சாமான் பலதும் பனிமலையை நினைத்துச் செய்தது, இங்கே அது சுமைதான்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பயிற்சி முகாமும் இல்லை, என் அத்தைதான். இருபது வருடத்துக்கு மேல் விடிகாலை ஜீப்பில் ஏறி கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய் வந்தவர். சேலைக்கு மேலே மாமாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பைச் சுற்றி பிளாஸ்டிக் தாள், காலில் ரப்பர் பூட்ஸ். நான் முதல்முறை மேலே போகக் கிளம்பியபோது ஜீன்ஸும் டீ-சர்ட்டும் கூலிங் கிளாஸுமாக நின்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னய்யா, பொண்ணு பாக்கப் போறியா?" என்றார். அன்று சாயங்காலம் நான் திரும்பி வந்த கோலத்தைப் பார்த்து அவர் எதுவும் கேட்கவில்லை.

எந்த மாதம், எந்த இடம்

உடையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலே தென்மேற்கு மழை, அட்டைக்குத் திருவிழா. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை எங்கள் பக்கமும் பெய்யும். புதிதாக நடப்பவர்களுக்கு டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் தோது. பிப்ரவரிக்குப் பிறகு புல் காய்ந்து தீக்காலம் தொடங்கிவிடும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் நடக்கப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். எங்கள் பக்கம் யாருக்கும் அது மறக்காது. தீ என்று வந்தால் பாலியஸ்டர் துணி உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், பருத்தி பற்றி எரியும். அதற்கு உடுத்திக்கொள்ள உடையே கிடையாது, அந்த மாதங்களில் காய்ந்த புல்மேட்டுக்குப் போகாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

காட்டுக்குள் சும்மா நுழையவும் முடியாது. இந்தப்பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம், அந்தப்பக்கம் பெரியார் புலிகள் காப்பகம். அனுமதி வாங்கி, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கத்துப் பாதைகளுக்கு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று அரசே 2024 முதல் இணையத்தில் பதிவு வைத்திருக்கிறது. முதல் நடைக்கு அதெல்லாம் தேவையே இல்லை. வாய்க்கால் கரை, கண்மாய்க் கரை, திராட்சைத் தோட்டத்து வண்டிப்பாதை என்று கீழேயே ஐந்தாறு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். மேலே போட நினைக்கும் அதே ஷூ, அதே பை, அதே சட்டையோடு. எங்கே உரசுகிறது, எங்கே கடிக்கிறது என்று ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கால்

பணம் செலவழிப்பதாக இருந்தால் இதில் மட்டும் செலவழியுங்கள், மற்றதெல்லாம் வீட்டில் இருப்பதை வைத்தே ஒப்பேற்றலாம்.

ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள், பகலெல்லாம் நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நடக்கும்போது போடப்போகும் அதே சாக்ஸைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். ஏறும்போது அது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும்: ஒவ்வொரு அடிக்கும் பெருவிரல் முன்னால் போய் இடிக்கும், இரண்டு மணி நேரம் இடித்தால் நகம் கறுத்துவிடும், ஒரு மாதத்தில் கழன்றும் விழும். முந்தின நாளே கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

அடிப்பாகத்தில் ஆழமான பள்ளம் பள்ளமாக இருக்க வேண்டும். விரல் நகத்தால் அமுக்கிப் பாருங்கள், கொஞ்சம் அமுங்குகிற ரப்பராக இருந்தால் ஈரப் பாறையில் பிடிக்கும். கல் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் அடி பாசியில் பனிச்சறுக்குதான். தண்ணீர் புகாத ஷூ என்று கூடுதல் விலை சொல்வார்கள். எங்கள் பக்கத்துக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம். முழங்கால் அளவு ஈரப் புல்லில் நடந்தால் தண்ணீர் மேலே வாய் வழியாகத்தான் இறங்கும், இறங்கியது வெளியே போகாது, நாள் முழுக்க இரண்டு குடத்துக்குள் காலை விட்டு நடக்கிற மாதிரி இருக்கும். நனைந்தாலும் சீக்கிரம் வடிகிற சாதாரணத் துணி ஷூ மேல். ரப்பர் பூட்ஸ் தோட்டத்துக்குள்ளே சரி, பத்து கிலோமீட்டர் நடந்தால் குதிகால் தோல் உரிந்துவிடும். செருப்பு வேண்டவே வேண்டாம், சீமைக்கருவேல முள் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு வரும்.

புது ஷூவை ஒரு வாரமாவது தெருவில், கடைக்குப் போக வர என்று போட்டுப் பழக்குங்கள். பழைய ஷூவுக்கும் ஒரு சோதனை உண்டு, இது என் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டது. நல்ல விலை கொடுத்து வாங்கி, வீணாகிவிடுமே என்று நாலைந்து வருடம் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஒருமுறை மேலே போனேன். தோட்டத்து இறக்கத்தில் வலது காலில் ஏதோ தட்டுகிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் அடிப்பாகம் தோசையைக் கல்லிலிருந்து எடுக்கிற மாதிரி பின்னாலிருந்து பிரிந்து தொங்குகிறது. அரை மணி நேரத்தில் இடது காலும். தோட்டத்தில் வேலை செய்த ஒரு அண்ணன் காய்ந்த வாழைப்பட்டையைக் கிழித்துச் சுற்றிக் கட்டிவிட்டார், அதை வைத்துத்தான் பஸ் நிறுத்தம் வரை வந்தேன். பிறகுதான் தெரிந்தது, உள்ளே இருக்கும் பாலியூரிதேன் நுரை போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்திலேயே இற்றுப்போகுமாம். ஆகவே பரணிலிருந்து எடுத்த ஷூ என்றால், கிளம்பும் முன் அடிப்பாகத்தை இரண்டு கையாலும் நன்றாக மடக்கிப் பாருங்கள், விரிசல் விட்டாலோ பொடி உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள்.

சாக்ஸ் பருத்தியில் வேண்டாம், நைலான் கலந்த தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி. ஒன்று காலில், ஒன்று பையில். குதிகால் வழக்கமாக எங்கே உரசும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், கொப்புளம் வருவதற்கு முன்பே அங்கே மருந்துக்கடையில் கிடைக்கும் பேப்பர் டேப்பை ஒட்டிவிடுங்கள்.

அட்டைக்கு

அட்டையைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை, அருவருப்புத்தான். வலிக்காது. ஆனால் அதன் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் அது விழுந்த பிறகும் வெகுநேரம் ஒழுகிக்கொண்டே இருக்கும், வெள்ளை சாக்ஸ் போட்டவர்கள் அதைப் பார்த்தே பாதி மயங்கிவிடுவார்கள்.

பேன்ட் அடிப்பாகத்தை சாக்ஸுக்குள் திணிப்பதுதான் முதல் பாதுகாப்பு. பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை. அடுத்தது அட்டை உறை. கடையிலும் கிடைக்கும், ஆனால் தெருமுனைத் தையல்காரரிடம் நெருக்கமாக நெய்த காடாத் துணி ஒரு மீட்டர் கொடுத்தால் முழங்கால் உயரத்துக்குப் பை மாதிரி இரண்டு தைத்து, மேலே நாடா கோத்துத் தருவார். சாக்ஸுக்கு மேலே, ஷூவுக்கு உள்ளே போட்டு, பேன்ட்டையும் உள்ளே விட்டு முழங்காலுக்குக் கீழே நாடாவைக் கட்டிக்கொள்ள வேண்டும். வெளிர் நிறத் துணியாக எடுங்கள், ஏறுவது கண்ணுக்குத் தெரியும். உலர்ந்த சோப்புக் கட்டியை உறைமேல் அழுத்தித் தேய்த்துவிடுவதும் உண்டு. தோட்டத்து ஆட்கள் மூக்குப்பொடியை எண்ணெயில் குழைத்துக் காலில் தடவுவார்கள்.

இன்னொரு தோட்டத்து உத்தி, உப்பு மூட்டை. கைப்பிடி கல்லுப்பைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, கம்பின் நுனியில் கட்டி, கொஞ்சம் நனைத்துக்கொள்வது. ஷூ மேல் ஏறும் அட்டையை அதால் ஒரு தொடு தொட்டால் சுருண்டு விழுந்துவிடும். ஆனால் கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்பும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம், அது உள்ளே இருப்பதைக் கடிவாயிலேயே கக்கிவிடும். அதன் மெல்லிய முனை எதுவோ அதுதான் வாய், அங்கே தோலை ஒட்டி விரல் நகத்தைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கழன்றுவிடும். பிறகு கழுவி, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினால் போதும்.

அட்டையைவிட நான் கவலைப்படுவது கண்ணுக்கே தெரியாத புதர்ப் பூச்சிக்குத்தான். அது கடித்து வரும் காய்ச்சலை உண்ணிக் காய்ச்சல் என்றும் ஸ்க்ரப் டைபஸ் என்றும் சொல்வார்கள். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. நடந்து வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் புதருக்குள் போய் வந்ததை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்க மாட்டார். தெரிந்துவிட்டால் மருந்து எளிதுதான். புல்லில் வெறுமனே உட்காராதீர்கள், ஒரு பிளாஸ்டிக் விரிப்பு பையில் இருக்கட்டும்.

உடம்புக்கு

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் இரண்டு கிலோ ஆகும், மறுநாள்வரை காயாது, தொடையை அறுக்கும். மெல்லிய பருத்தி டீ-சர்ட்டும் அப்படித்தான், வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், உச்சியில் காற்று அடிக்கும்போது முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும். கண்டக்டர் சட்டைக்கு எடுப்பார்களே, அந்த டெரிகாட்டன் துணிதான் எங்கள் மலைக்கு அளவெடுத்துச் செய்தது. முள்ளில் சீக்கிரம் கிழியாது, நனைந்தாலும் ஒரு மணி நேரக் காற்றில் காய்ந்துவிடும். அப்பாவின் பழைய டெரிகாட்டன் முழுக்கைச் சட்டை ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பெண்கள் லெகிங்ஸ் போட்டால் முள் நேராகச் சதையில் ஏறும், அட்டையும் அதன் மேலேயே உட்கார்ந்து கடிக்கும். தளர்வான டிராக் பேன்ட் அல்லது சுடிதார் பேன்ட், மேலே முழுக்கைச் சட்டை. துப்பட்டா வீட்டிலேயே இருக்கட்டும், ஈஞ்சு, இண்டு மாதிரி முட்செடிகள் பிடித்து இழுத்தே பாதி நேரம் போய்விடும். ஆணோ பெண்ணோ, தொடை உரசுகிற உடம்பாக இருந்தால் வெட்கப்படாமல் கிளம்பும்போதே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளுங்கள். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், நாலாவது கிலோமீட்டரில் அகட்டி அகட்டி நடப்பார்கள்.

வாசனைத் திரவியம் வேண்டாம், கறுப்புச் சட்டையும் வேண்டாம். பாறைமேல் மலைத்தேனீ அடை கட்டியிருக்கும், இரண்டுமே அதற்குப் பிடிக்காது. ஸ்வெட்டர் ஒன்று பையில் இருக்கட்டும், நடக்கும்போது இல்லை, நிற்கும்போது போட.

அப்புறம் துண்டு. ஈரிழைத் துண்டு, பஞ்சு மாதிரி தடித்த டர்க்கி டவல் இல்லை. ஏறும்போது கழுத்தில் போட்டால் பிடரி வெயிலுக்கு மறைப்பு, தலையில் கட்டினால் தொப்பி (தொப்பியைக் கம்பம் மேட்டுக் காற்று ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு போய்விடும், துண்டு போகாது), பை வார் தோளை அறுத்தால் மடித்துக் கீழே வைக்கலாம், கை சுளுக்கினால் தூளி கட்டலாம், ஓடையில் நனைத்துப் பிழிந்து தலையில் போட்டால் அரை மணி நேரத்துக்குக் குளிர்ச்சி. இவ்வளவும் செய்கிற சாமான் எந்த மலையேற்றக் கடையிலும் இல்லை.

மழை வந்தால்

குடை கீழே நடக்க மட்டும். மேட்டில் அடிக்கும் காற்றுக்கு முதல் நிமிடத்திலேயே மேல்நோக்கி மலர்ந்துவிடும், கம்பியைப் பிடித்துக்கொண்டு தவிப்பீர்கள். மலிவான ரெயின்கோட் வெளிமழையை நிறுத்தும், உள்ளே வியர்வையில் நனைவீர்கள். பையையும் சேர்த்து மூடுகிற, பக்கவாட்டில் திறந்த போர்வை மாதிரி ரெயின்கோட் கிடைக்கிறது, அது பரவாயில்லை. அதுவும் இல்லையென்றால் கொங்காணி: சுத்தமாகக் கழுவிய உரச்சாக்கின் அடி மூலை ஒன்றை இன்னொரு மூலைக்குள் தள்ளினால் கூம்பு மாதிரி ஒரு முக்காடு வரும், அதைத் தலையில் கவிழ்த்தால் முதுகுவரை மூடும், கை இரண்டும் சும்மா இருக்கும். படம் எடுத்துப் போட நன்றாக இருக்காது என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை.

பைக்கு வெளியே உறை போடுவதைவிட உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள்.

பையில் என்ன

ஒருநாள் நடைக்கு 20 லிட்டர் பை தாராளம். பெரிய பை வாங்கினால் நிரப்பத்தான் தோன்றும். தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர், பிப்ரவரிக்கு மேல் என்றால் 3. எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள், காப்பகப் பக்கம் பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். சித்ரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பளியன்குடியிலிருந்து ஏறுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த ஏற்றத்தில் பாட்டில் போய்விட்டால் பாடு கஷ்டம், சித்திரை வெயில். உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டிய அளவு. புளிச்சாதம், கடலைமிட்டாய். தயிர்சாதம் வெயிலில் கெட்டுவிடும்.

டார்ச் கட்டாயம், "அஞ்சு மணிக்குள்ள எறங்கிருவோமே" என்பவர்களுக்கும்தான். நம் பக்கம் கிழக்குச் சரிவு, காலையில் சூரியன் நேராக அதன்மேல் அடிக்கும், மாலையில் அதே மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். அந்தப்பக்கம் இன்னும் வெளிச்சமாக இருக்கும்போதே நம் பாதை மங்கிவிடும். இதே காரணத்தால் ஏறுவதாக இருந்தால் விடியும்போதே தொடங்கிவிடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் அந்தச் சரிவு அடுப்பு.

கம்பு ஒன்று, முழங்கை உயரத்துக்கு. இறக்கத்தில் முட்டிக்கு அது மூன்றாவது கால், புல்லுக்குள் தட்டிக்கொண்டே போனால் பாம்பு விலகும். போனை ஏரோப்ளேன் மோடுக்கு மாற்றிவிடுங்கள், எல்லையில் அது இரண்டு மாநிலத்துக் கோபுரத்தையும் தேடித் தேடியே மதியத்துக்குள் செத்துவிடும். வழி தெரியாவிட்டால் அந்தப்பக்கம் தோட்டத்தில் தமிழிலேயே கேளுங்கள், வேலை செய்பவர்களில் நிறையப் பேர் நம் ஆட்கள்தான். நாலு ஊக்கு, ஒரு கிரேப் பேண்டேஜ், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை.

திரும்பி வந்து

ஷூவை அன்றே கழுவி, உள்ளே பழைய நாளிதழைத் திணித்து நிழலில் வையுங்கள், ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ காயவைத்தால் பசை விட்டுவிடும். வெந்நீரில் குளித்து, அக்குள், இடுப்பு, முழங்காலுக்குப் பின்புறம் என்று ஒட்டிய உண்ணி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உடையை உதறாமல் நேராகத் துவைக்கப் போடுங்கள்.

முக்கியமாக, ஷூவை வீட்டுக்குள் கழற்றாதீர்கள். எங்கள் வீட்டில் மலைக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் பின்வாசலில்தான் கழற்ற வேண்டும், அத்தை நின்று பார்த்துக்கொண்டிருப்பார். சாக்ஸைத் துவைக்கிற கல்லில் இரண்டு அடி அடித்தால் எங்கேயோ ஒளிந்திருந்த ஒன்றிரண்டு உருண்டு விழும். அதற்காகவே அந்த நேரத்துக்குக் கோழிகள் வந்து நிற்கும்.